முழங்கால் கற்பித்தது

நலமாக இருக்கும் உறுப்பை மனிதன் நினைப்பதில்லை. கண் தன்னைத் தான் காணாதது போல, நடக்கின்ற காலும் தன்னை உணர்வதில்லை. ஐம்பது ஆண்டுகள் என்னைச் சுமந்து திரிந்த வலது முழங்காலை நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்தது கிடையாது. அது இருந்தது; நான் நடந்தேன்; எங்கள் உறவு அவ்வளவே. 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒரு மாலைப் பொழுதில் அந்த உறவு அறுந்தது. அறுந்த பிறகே அப்படி ஓர் உறவு இருந்ததை உணர்ந்தேன்.

தமிழாசிரியன் ஒருவன் இலக்கிய மலருக்கு எழுதுகின்றான் என்றால், காப்பியச் சுவை பற்றியோ சங்க கால வாழ்வு பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மலர்க் குழுவினரும் அதையே எதிர்பார்த்திருப்பர். ஆனால் அந்த ஓராண்டுக் காலத்தில் நான் ஊன்றிப் படித்த நூல் என் முழங்கால் ஒன்றே. அதில் கற்றதையே இங்கே எழுதுகின்றேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் வாழ்க்கை இரண்டு எல்லைகளுக்கு நடுவே அமைந்தது. பிறந்தது தேவிகுளம் மலைச்சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பணி புரிவது பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்துப் பள்ளி ஒன்றில். முன்பு திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளமும் கொச்சியில் இருந்த சித்தூரும் 1956 நவம்பர் முதல் நாள் பிறந்த கேரளத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. ஆயினும் சித்தூரிலிருந்து தேவிகுளம் செல்ல வேண்டுமானால், பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழகத்தைக் கடந்து, சின்னாற்றில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர்ச் சந்தனக் காட்டு வழியே ஏற வேண்டும். ஒரு கேரளத்திலிருந்து மறு கேரளத்துக்குத் தமிழகமே மூட்டாக நிற்கின்றது. எலும்பு நீண்டது, உறுதியானது. அசைவு பிறப்பதோ மூட்டில். எல்லையோரத்துத் தமிழர்களாகிய நாமும் அப்படித்தான் என்று மேடைகளில் நான் பேசியதுண்டு. மூட்டு எவ்வளவு நோகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கோடை விடுமுறையில் அக்காவைப் பார்க்கச் சென்றிருந்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பதினாறு வயதில் கொழுந்துக் காட்டில் இறங்கியவள், ஐம்பத்தெட்டு வயது நிறைந்து அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தாள். மகள் அதே தோட்டத்தில் வேலை செய்வதால் லயத்து வீடு கையை விட்டுப் போகவில்லை. மழை தொடங்கிய நேரம். லயத்திலிருந்து சாலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நான் சற்று விரைந்து இறங்கினேன். வலது பாதம் ஈரக் கல்லில் ஊன்றி நின்றது. உடம்பு மட்டும் இடப்புறம் திரும்பியது. உள்ளே ‘டப்’ என்று ஓர் ஓசை. காய்ந்த சுள்ளி ஒடிவது போன்ற அவ்வோசையைக் காதால் கேட்டேனா, எலும்பால் கேட்டேனா என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இரவுக்குள் முழங்கால் இளநீர்க் காய் போல வீங்கியது.

சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தடவினார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. ஆறிவிட்டது என்றே நம்பினேன். ஆனால் பள்ளி திறந்து மாடிப்படி இறங்கும்போது, யாரோ பின்னாலிருந்து முட்டியைத் தட்டிவிட்டாற்போல, கால் திடீரென மடங்கியது. இரண்டு முறை நிகழ்ந்த பின் கோயம்புத்தூருக்குச் சென்றேன். காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், முழங்காலின் உள்ளே இருந்த ஒரு நார் முற்றிலும் அறுந்துவிட்டது என்றார்.

தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே, பெருக்கல் குறி போல, இரண்டு நார்க்கயிறுகள் குறுக்காக ஓடுகின்றன. முன்னுள்ள கயிறு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமே உடையது. கணைக்கால் எலும்பு முன்னே வழுக்கிப் போகாமலும், தொடையின் கீழ்த் திருகிக் கொள்ளாமலும் காப்பது அதன் வேலை. அது அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. எலும்பு ஒடிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். இந்தச் சிறு கயிறோ அறுந்தது அறுந்ததுதான். அதனோடு, இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தை போலக் கிடக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பும் எனக்குக் கிழிந்திருந்தது. தொடையின் பின்புறத்துத் தசைநாரில் ஒரு பகுதியை எடுத்து, மடித்து முறுக்கி, எலும்புகளில் துளையிட்டுப் பழைய கயிறு இருந்த இடத்தில் கட்டுவதே வழி என்றார் மருத்துவர். ஜூலை மாதம் அறுவை நடந்தது.

என் மனைவியும் ஆசிரியை. பள்ளி நடக்கின்ற காலம். “நான் வர்றேன்” என்று சொல்லி, ஒரு துணிப்பையோடு அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கிழிந்த குருத்தெலும்பைத் தைத்திருந்ததால் ஆறு வாரம் அந்தக் காலில் முழுப் பாரத்தையும் வைக்கக் கூடாது என்பது கட்டளை. கட்டிலிலிருந்து கழிப்பறைவரை பத்தடி தூரம். இரண்டு ஊன்றுகோல்களோடு அந்தப் பத்தடியைக் கடப்பது மலையேற்றமாக இருந்தது. அக்கா பின்னாலேயே வருவாள். என்னைத் தொடமாட்டாள், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் இரு கைகளையும் ஏந்தியபடி வருவாள். அவளும் காலை இழுத்து இழுத்துத்தான் வருவாள். அந்த ஓசை எனக்குப் பழகியது. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஓசை அது. ஆகையால் காதில் விழுந்தும் கேளாதிருந்தேன்.

இயன்முறை மருத்துவம் செய்ய ஓர் இளம்பெண் வீட்டுக்கு வருவார். பாலக்காட்டுப் பெண், மலையாளம் கலந்த இனிய தமிழ் பேசுபவர். முதல் நாளே என் குதிகாலின் கீழே சுருட்டிய துண்டொன்றை வைத்து, முழங்கால் அந்தரத்தில் நிற்குமாறு செய்தார். தொடைத் தசையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், தொடையில் ஓர் அசைவும் இல்லை. மனம் ஆணையிடுகின்றது, தசை கேட்கவில்லை. “காயம் பட்ட மூட்டைக் காப்பதற்காக மூளையே தொடைத் தசையை அணைத்து வைத்துவிடும் மாஷே. அதை நாம்தான் மறுபடி எழுப்ப வேண்டும்” என்றார். எத்தனையோ மாணவர்களைக் கவனமில்லாதவன் என்று கடிந்தவன் நான். என் சொந்தத் தொடையே என் சொல்லைக் கேளாது கிடந்தபோது, அந்தப் பிள்ளைகளின் முகங்கள் நினைவில் எழுந்தன.

கால் எப்போது மடங்கும், எப்போது சம்மணமிட்டு உட்காரலாம் என்பதே என் கவலை. அவர் சிரித்தார். “வளைவது பிறகு வரும் மாஷே. முதலில் நேராக வேண்டும். கடைசி ஐந்து பாகை இருக்கிறதே, அதை இந்தச் சில வாரங்களுக்குள் பிடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மூட்டு அப்படியே இறுகிப்போகும். பிறகு வாழ்நாள் முழுவதும் காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டியதுதான்.”

கதவோரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டாளோ இல்லையோ, ஒன்றும் பேசாமல் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த நடையை, அன்றுதான் முதன்முதலாக, நான் கண்ணால் பார்த்தேன்.

1989ஆம் ஆண்டு ஆடி மாதம். நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவும் அக்காவும் கொழுந்தெடுத்த கூலியில்தான் குடும்பமும் என் படிப்பும் நடந்தன. பெருமழைக் காலத்தில் ஒரு நாள், கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து நிறுவைக்களத்துக்கு இறங்கியவள் சரிவில் வழுக்கி விழுந்தாள். நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முழங்கால் வீங்கியது. எண்ணெய், பச்சிலை, கட்டு. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதியும் நோய்க்கால உதவித்தொகையும் உண்டு என்று அன்று நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதைக் கேட்டுப் பெறவும், பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும், காலைத் தாழ்த்தாமல் மாதக்கணக்கில் கிடக்கவும் யாருக்கு அறிவு இருந்தது, யாருக்கு நேரம் இருந்தது? பதினோராம் நாள் காலையில் அக்கா பிரட்டுக்குப் போய் நின்றாள். அந்த மாதம் என் தேர்வுக்கும் புத்தகங்களுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. இந்தக் காரணத்தை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. இருவரும் அறிந்திருந்தோம்.

அன்று முதல் அவள் நடை கோணிற்று. தோட்டத்தில் நொண்டி என்ற அடைமொழி அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று ஒரு பழமொழி உண்டு. கொழுந்துச் சாக்கோடு அவள் வருவதைக் கண்டு என் வகுப்புத் தோழன் ஒருவன் அதைச் சொன்னான். சாக்கு என்ற ஒரு சொல்லில் இரண்டு பொருள் அமைந்ததைக் கண்டு, சிலேடையில் அன்றே நாட்டம் கொண்டிருந்த நான் சிரித்தேன். தமிழை எத்தனையோ முறை நான் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம். அவற்றுள் மிகக் கொடியது அந்தச் சிரிப்பு.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மூணாற்றுக் கடைத்தெருவுக்கு அக்காவோடு போகும்போது, நான் எப்போதும் பத்தடி முன்னால் நடப்பேன். விரைந்து நடப்பவன் என்று பெயர். உண்மை அதுவன்று. அந்த நடையோடு சேர்த்து என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதே உண்மை.

இந்த நினைவுகளோடு கிடந்த நாட்களில், முழங்கால் மருத்துவத்தின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். முழங்காலினுள் அறுந்த நாரை அறுவை செய்து தைத்ததாக அறியப்படும் முதல் நிகழ்ச்சி 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்தது. செய்தவர் மேயோ ராப்சன். நம் இடுக்கி மலைமேல் முல்லைப்பெரியாற்று அணை திறக்கப்பட்ட அதே ஆண்டு. 1917இல் ஹே குரோவ்ஸ் என்பவர் தொடைப் பக்கத்து நார்ப்பட்டையைக் கொண்டு புதிய கயிறு அமைத்தார். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, பிணத்தின் முழங்காலில் குழல் செலுத்தி உட்புறத்தைப் பார்த்தார். அந்தக் குழலின் வழித்தோன்றல்தான் எனக்குச் சிறு துளைகள் மட்டுமிட்டு அறுவை செய்ய உதவியது.

இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஒரு செய்தி. மேயோ ராப்சன் தைத்த அந்த முழங்கால் ஒரு விளையாட்டு வீரனுடையதன்று, செல்வனுடையதுமன்று. நாற்பத்தொரு வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவனுடையது. உழைப்பாளியின் காலில் தொடங்கிய மருத்துவம் அது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் அது ஒரு மலைச்சரிவில் கொழுந்தெடுத்த பெண்ணிடம் வந்து சேரவில்லை. அவளுடைய தம்பியிடம் வந்து சேர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நான் படித்தேன், வேலை பெற்றேன், சம்பளத்தோடு விடுப்பு எடுத்தேன், கால் நேராகும்வரை கிடந்தேன். அவள் கிடக்காமல் எழுந்து போனதனால் வந்தவை இவை யாவும்.

ஒரு மாலை இயன்முறைப் பெண்ணிடம் அக்காவின் காலையும் பார்க்கச் சொன்னேன். “எனக்கெதுக்கு, பழகிப்போச்சு” என்று மறுத்தவளை வற்புறுத்திப் படுக்க வைத்தோம். அவர் குதிகாலின் கீழே துண்டை வைத்தார். தரையில் படிய வேண்டிய முழங்கால், ஒரு கைப்பிடி உயரத்தில் வளைந்தபடியே நின்றது. அவர் மெல்ல அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. மூட்டு தேய்ந்து இறுகிவிட்டது, இனி முழுவதும் நேராகாது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஆனாலும் தொடைத் தசையை வலுப்படுத்தினால் வலி குறையும், படியேறுவது எளிதாகும் என்று கூறி, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்.

அதன்பின் காலையும் மாலையும் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தோம். நான் கட்டிலில், அவள் நாற்காலியில். எண்ணும் பொறுப்பு அவளுடையது. நெல் அளப்பவர் எண்ணுவது போல, ஒன்று என்று சொல்லாமல், “லாபம், ரெண்டு, மூணு” என்றுதான் தொடங்குவாள். எங்கள் பாட்டி ஊரிலிருந்து மலைக்குக் கொண்டு வந்த வழக்கம் அது. ஒவ்வொரு சுற்றும் லாபத்தில் தொடங்கியதாலோ என்னவோ, பதினெட்டாம் நாள் என் முழங்கால் படுக்கையைத் தொட்டது. அக்கா தன் உள்ளங்கையை அடியில் நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. “நேராயிடுச்சு தம்பி” என்று அவள் மகிழ்ந்தபோது, நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் வலி போயிற்று. ஊன்றுகோல் போயிற்று. சோகநாசினி ஆற்றங்கரையில் மாலைதோறும் நடந்தேன். துயரைத் துடைப்பவள் என்று ஆற்றுக்குப் பெயரிட்ட சித்தூர் முன்னோரை வாழ்த்தினேன். இனி என்ன, ஓடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் அந்தப் பெண் ஓர் எச்சரிக்கை செய்தார். எடுத்துக் கட்டிய தசைநாருக்குத் தொடக்கத்தில் இரத்த ஓட்டம் இல்லை. உடம்பு அதை முதலில் தளர்த்தி, பிறகு புதிய நாளங்களை அனுப்பி, இழை இழையாகத் தன்னுடையதாக மாற்றிக்கொள்கின்றது. ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அக்கயிறு மிக நலிந்திருக்கும். “வலி இல்லாத நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் மாஷே.” அளவு நாடாவால் இரு தொடைகளையும் அளந்து காட்டினார். வலது தொடை நான்கு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. நலம் என்று மனம் சொல்வது வேறு; நாடா சொல்வது வேறு.

அண்டை வீட்டார் ஞவரக்கிழி வைத்தியத்தைப் பரிந்துரைத்தனர். ஞவரை, எங்கள் பாலக்காட்டு மண்ணுக்குப் புகழ் சேர்த்த மருந்து நெல். அதன் அரிசியைப் பாலிலும் மூலிகைச் சாற்றிலும் வேகவைத்து, துணியில் முடிந்து, இளஞ்சூட்டில் ஒற்றுவர். புண் முற்றும் ஆறிய பின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்தேன். அறுந்த கயிற்றை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. ஆனால் இறுகிக் கிடந்த தொடைக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. அக்காவுக்கும் ஏழு நாள் செய்வித்தேன். “கொழுந்தெடுக்குற காலுக்கு அரிசிச் சோறா” என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு பேத்தி நினைவு வந்து மலைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்த இன்னொருவரை நான் நேரில் கண்டதில்லை. பாலக்காட்டைச் சேர்ந்த நீளத்தாண்டல் வீரர் முரளி ஸ்ரீசங்கர். 2022 காமன்வெல்த் விளையாட்டில் 8.08 மீட்டரும், 2023இல் நடந்த ஆசிய விளையாட்டில் 8.19 மீட்டரும் தாண்டி வெள்ளி வென்றவர். பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றிருந்த நிலையில், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் காயமுற்று, அறுவை செய்துகொண்டார். அவர் சென்றிருக்க வேண்டிய ஒலிம்பிக்கை நான் காலை நீட்டிப் படுத்தபடி தொலைக்காட்சியில் பார்த்தேன். ஓராண்டுக்கு மேல் களம் அவரைக் காணவில்லை. 2025 ஜூலையில் புனே நகரில் 8.05 மீட்டர் தாண்டி முதலிடம் பெற்றார் என்ற செய்தியைப் படித்த காலையில், என் வீட்டில் யாரோ வென்றாற்போலிருந்தது. அந்த நாளிதழை மடித்து வைத்தேன். எட்டு மீட்டர் எனக்கு வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு பாதை. லயத்திலிருந்து சாலைவரை இறங்கும் அந்த ஒற்றையடிப் பாதை.

ஏனெனில் தசை வலுப்பெற்ற பின்னும் அச்சம் போகவில்லை. ஈரக் கல்லைக் கண்டால் உள்ளே அந்தப் பழைய ஓசை கேட்கும். 2025 ஓண விடுமுறையில் மலைக்குச் சென்றேன். மறுநாள் காலை அக்கா கடைக்குக் கிளம்பினாள். நானும் கூட வருவதாகச் சொன்னேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதையின் தலைப்பில் நான் நின்றுவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தானே முன்னால் இறங்கி, “நான் வைக்கிற எடத்துல கால வை” என்றாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிய பாதங்கள். எந்தக் கல் ஆடும், எந்த மண் சறுக்கும் என்று அவை அறிந்திருந்தன. நேராகாத முழங்காலோடு, ஒவ்வோர் அடியையும் பக்கவாட்டில் வைத்து, இடைவிடாமல் அவள் இறங்கினாள். முப்பத்தாறு ஆண்டுகளாக நொண்டல் என்று நான் எண்ணியிருந்தது, உண்மையில் அறுந்த நாரோடு மலையில் வாழ அவள் தானே கண்டுபிடித்த நடை என்பது அன்று எனக்கு விளங்கிற்று. அவள் அடி வைத்த இடத்தில் நான் அடி வைத்தேன்.

பாதி வழியில், “அக்கா, கடைத்தெருவுல நான் எப்பவும் முன்னாடி நடந்து போவேனே...” என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை.

அவள் திரும்பாமலே சொன்னாள்: “தெரியும் தம்பி. அதான் நானும் இன்னும் கொஞ்சம் மெதுவா வந்தேன்.”

பாதை முடிந்து சாலை வந்தது. இரண்டு பேர் நடக்க அகலமான சாலை. நான் அவளோடு சேர்ந்து நடந்தேன். இரண்டு முழங்கால்களில் ஒன்று நேரானது; மற்றது நேராகாதது. என் முழங்கால் குணமாயிற்றா என்று இப்போதும் நண்பர்கள் கேட்கின்றனர். ஆயிற்று என்றே சொல்கின்றேன். ஆயினும் ஒரு காயம் ஆறுவதற்கு நாட்களும் ஓய்வும் துணையும் வேண்டும் என்பதும், அம்மூன்றும் கிடைக்காமல் எழுந்து நடந்தவர்களின் தோளேறியே நம்மிற் பலர் நேராக நிற்கின்றோம் என்பதும் என் முழங்கால் கற்பித்த பாடம். காலை இழுத்து நடக்கும் ஒருவரை இனி வழியில் காணும்போது, அவரை முந்திச் செல்லும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கின்றேன்.